நாற்பத்தேழு டிடெக்டரும் ஓர் அரை டாலரும்

ஆரின் ஸ்டட்ஸை அடக்கம் செய்த நான்காம் நாள், பிளம் ஃபோர்க் நாணய வேட்டையர் சங்கத்தின் தலைவர் பர்டெட் லாம், ஆரினின் மனைவி மார்வீனைப் பார்க்க வந்தார். ஒரு கையில் டூனா மீன் போட்டுச் சுட்ட சூடான கேசரோல், பாத்திரத்தோடு. இன்னொரு கையில் ஒரு படிவம்.

நானும் கூடப் போயிருந்தேன். சங்கத்துக்குக் குறிப்பெழுதுகிறவன் நான். பேனா கொண்டுபோவது என் பொறுப்பு.

"மேல உருளைக்கிழங்கு சிப்ஸ் தூவியிருக்கு மார்வீன். ஆறிடுச்சுன்னா நமுத்துடும்" என்றார் பர்டெட்.

"இந்தக் காகிதம் எதுக்கு?"

"அது சும்மா ஒரு கையெழுத்து."

எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு வரும் பாத்திரங்களின் அடியில் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். கண்ணாடிப் பாத்திரம் ஒன்று திரும்பி வராத காரணத்தால் இரண்டு குடும்பங்கள் தேவாலயத்தையே மாற்றிக்கொண்டதுண்டு. ஆகவே மார்வீன் அதைப் பாத்திரத்துக்கான கையெழுத்து என்று எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டுக் கொடுத்தாள்.

படிவத்தில் இருந்தது சங்கத்தின் விதி முப்பத்தொன்று. காலமான உறுப்பினர் கண்டெடுத்த பொருள்கள் அனைத்தும் சங்கத்தின் பாரம்பரியச் சொத்தாகும் என்பது அதன் சாரம். ஆரின் முப்பது வருடம் தேடிச் சேர்த்த காசுகள் ஒரு கண்ணாடிப் பலகையில் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றின் நடுவில் 1918ஆம் ஆண்டு வெள்ளி அரை டாலர் ஒன்று, மேலே ஓட்டை போட்டது. மோதிரம் வாங்க வழியில்லாத வருடத்தில் ஆரின் அதில் துளை போட்டுச் சங்கிலியில் கோத்து, "கட்டிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். சங்கிலி அறுந்த பிறகுதான் அது பலகைக்குப் போனது. ஓட்டை விழுந்த காசுக்குக் கடையில் மதிப்பில்லை. அதைச் சங்கத்தில் எல்லாரும் அறிவோம்.

பர்டெட் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். மார்வீன் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"பத்திரமா வைக்கத்தான்" என்றார் பர்டெட். நான் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் பாத்திரத்தையும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாணய வேட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் புதையல் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மாவட்டச் சந்தைத் திடலின் புல்வெளியில், சங்கமே வெள்ளிக்காசுகளை இரண்டு அங்குல ஆழத்தில் புதைக்கும். பிறகு விசில் ஊதும். சங்கத்தின் உறுப்பினர்கள், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டரோடு ஓடுவார்கள். நாமே புதைத்ததை நாமே எடுத்து, கிடைத்ததும் நாமே வியந்து, நமக்கு நாமே கைதட்டிக்கொள்வோம். ஒஹாயோ முழுவதும் இப்படித்தான்.

அந்த வருடம் முதல் பரிசாக மார்வீனின் அரை டாலரை நீல வெல்வெட் பெட்டியில் வைத்துக் காட்டிவிட்டு, அதையும் புதைத்தார்கள். புதைத்தவர் பர்டெட். அதை வென்றவரும் பர்டெட். புதைப்பவரே போட்டியிடலாமா என்று புதிய உறுப்பினர் ஒருவர் கேட்டார். பர்டெட் புன்னகை செய்தார்.

"நல்ல கேள்வி. நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் புதைச்சேன். குறிப்புல எழுதிக்கோ ஹார்லன்."

எழுதிக்கொண்டேன். வென்ற காசை அவர் மேடையிலேயே மீண்டும் வெல்வெட் பெட்டியில் வைத்துச் சங்கத்துக்கு நன்கொடையாக அளித்தார். முதல் பரிசை வென்றவர் அடுத்த ஆண்டுக்கு ஒரு பாரம்பரியப் பொருளைப் பெட்டியில் வைத்துத் தர வேண்டும் என்பது மரபு. பதினோரு நிமிடம் பேசினார். தியாகம் என்ற சொல் ஒன்பது முறை வந்தது. மறு ஆண்டும் அவரே வென்றார். அவரே தியாகம் செய்தார். மார்வீன் பின்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தியாகங்களையும் பார்த்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில், லூதரன் தேவாலய நிலவறையில் நடந்த மாதக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். பள்ளி உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் குழந்தைகளுக்குப் பரிமாறியவள். குரலை உயர்த்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

"தலைவரே, அந்த அரை டாலர் என்னுது. திருப்பிக் குடுங்க."

கருவிக் குழுவின் தலைவர் டுவைட் ஆஸ்லர் எழுந்தார். ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

"அம்மணி, நீங்க இப்ப சொன்னது தீர்மானமா, திருத்தமா, ஒழுங்குப் பிரச்சினையா?"

"அது என் காசுங்க."

"அப்ப அது கருத்து. கருத்துக்கெல்லாம் மாசத்தோட ரெண்டாவது கூட்டம்."

"அது எப்ப?"

"மாசத்துக்கு ஒரு கூட்டம்தான் நடக்குது."

பர்டெட் சுத்தியலைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கினார். ஏற்கனவே அமைதியாகத்தான் இருந்தோம்.

"மார்வீன், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தக் காசு உங்ககிட்ட இருந்தா நீங்க ஒருத்தர்தான் பாப்பீங்க. என்கிட்ட இருந்தா, அதாவது சங்கத்துகிட்ட இருந்தா, நாப்பத்தேழு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை தூரத்துலேருந்து பாக்கலாம். எது பெருசு? ஆரினே உயிரோட இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"அதை அவர் எனக்குத்தான் குடுத்தார். உங்களுக்குக் குடுக்கல."

"சட்டப்படி குடுத்தது நீங்க. கையெழுத்து இருக்கு. இருந்தாலும் இந்தச் சங்கம் கல்நெஞ்சு இல்ல. வேணும்னா உறுப்பினராச் சேந்து வேட்டையில கலந்துக்குங்க. ஜெயிச்சா எடுத்துக்குங்க. களம் எல்லாருக்கும் சமம்."

முன்வரிசை சிரித்தது. பர்டெட்டும் சிரித்தார். மார்வீன் சந்தாவைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டாள். இம்முறை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரசீதின் பின்பக்கத்தையும் படித்தாள்.

ஆரினின் தங்கை ட்வைலா வெளியே காரில் காத்திருந்தாள். நகராட்சித் தண்ணீர் இலாகாவில் பூமிக்கடியில் போகும் குழாய்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. இருவரும் பேசிக்கொண்டதை ட்வைலா பின்னால் எனக்குச் சொன்னாள்.

"என்ன சொன்னான்?"

"ஜெயிச்சா எடுத்துக்கோன்னான். எனக்கு அந்தக் காசு வேணும் ட்வைலா. அது என் கையில இருக்கறப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னும் பாக்கணும்."

"எது முதல்ல?"

"மூஞ்சி."

வேட்டைக்கு டிடெக்டர் வேண்டும். பிளம் ஃபோர்க்கில் அதற்கு ஒரே கடை. தூண்டில் புழுவும் டிடெக்டரும் விற்கும் அந்தக் கடை பர்டெட்டுடையது. மார்வீன் போனபோது கருவிக் குழுத் தலைவர் ஆஸ்லரும் அங்கேயே இருந்தார். குழுவின் அலுவலகம் புழுப் பெட்டிக்குப் பக்கத்தில்தான்.

பர்டெட் கறுப்பும் தங்கமுமாக ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பெயர் இம்பரேட்டர். விலை ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது டாலர்.

"பதினாலு அங்குல ஆழத்துல இருக்கற காசையும் காட்டும்."

"வேட்டையில எத்தனை அங்குலத்துல புதைப்பீங்க?"

"ரெண்டு. விதி அது."

"அப்ப மிச்சம் பன்னெண்டு அங்குலம் எதுக்கு?"

பர்டெட் ஆஸ்லரைப் பார்த்தார். ஆஸ்லர் தொண்டையைச் செருமினார். "தன்னம்பிக்கைக்கு" என்றார்.

மார்வீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். இரும்புத் தோசைக்கல்லைக் கம்பில் கட்டியது போலிருந்தது. எப்படி வேலை செய்யும் என்று கேட்டாள். உற்சாகத்தில் பர்டெட் ஒன்றையும் ஆஸ்லர் ஒன்றையும் முடுக்கினார்கள். அடுத்த கணம் இரண்டு கருவிகளும், வாலை மிதித்த பூனைகள் போல, சேர்ந்து வீறிட்டன. தரையில் உலோகம் எதுவும் இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரே சாதி, ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுக்குது" என்ற பர்டெட், தன் கருவியிலிருந்த குமிழை ஏழிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். சட்டென்று இரண்டும் அடங்கின. மார்வீன் அந்தக் குமிழையும், பர்டெட்டின் விரலையும் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் கருவியைச் சும்மா வாங்கிவிட முடியாது. கருவிக் குழு தகுதித் தேர்வு வைக்கும். ஆஸ்லர் முதலில் மார்வீனின் கண்ணைச் சோதித்தார். பிறகு காதை. காது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், கண் ஏன் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கடை வாசலில் கோடு போட்டு, அதன்மேல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டே நடக்கச் சொன்னார். கடைசியாக, இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே டிடெக்டரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"வேட்டையில இது எப்ப தேவைப்படும் மிஸ்டர் ஆஸ்லர்?"

"தேவைப்படாது. ஆனா பின்னோக்கி நிறுத்தத் தெரியாதவங்களை நான் இதுவரைக்கும் தேர்ச்சி பெற வச்சதில்ல. அதை இப்ப மாத்திக்க முடியாது."

இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றாள்.

முன்பணம் கட்டி இம்பரேட்டர் ஒன்றை வார இறுதிக்கு வீட்டுக்கு எடுத்துப்போனாள். ட்வைலா கொல்லைப்புறப் புல்வெளியில் இருபது காசுகளைப் புதைத்தாள். நடுநடுவே துருப்பிடித்த ஆணிகளையும் பீர் டின் திறக்கும் வளையங்களையும் போட்டாள். சமையலறை மணிக்கடிகாரத்தை வேலிமேல் வைத்தாள்.

இம்பரேட்டர் உயிர்பெறவே நாற்பது நொடி எடுத்தது. முதலில் வரவேற்பு இசை. பிறகு உரிமையாளருக்கு வாழ்த்து. காசுக்குப் பக்கத்தில் ஆணி இருந்தால் ஆணியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வேலியோரம் ஓரிடத்தில் மகா உறுதியோடு பாடியது. மார்வீன் ஒரு மணி நேரம் தோண்டினாள். முழங்கை ஆழத்திலிருந்து கலப்பைக் கொழு ஒன்று வந்தது.

"வேட்டைக்கு இது வேண்டாம்" என்றாள் ட்வைலா. "வயல் வாங்கினா வச்சுக்கலாம்."

"அப்ப எது?"

"ரெண்டு அங்குலத்துக்கு ஆழம் பாக்கற மெஷினே வேண்டாம். கை வலிக்காம ஒரு மணி நேரம் ஆட்டணும். வட்டு சின்னதா இருக்கணும், அப்பத்தான் ஆணியையும் காசையும் தனித்தனியாச் சொல்லும். ஒரு காசுக்குக் கத்தி முடிச்சவுடனே அடுத்த காசுக்குக் கத்தணும், யோசிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. கூட்டத்துல எல்லாரும் எந்த அலைவரிசையில இருக்காங்களோ, அதுல நீ இருக்கக் கூடாது. குழாய் தேடறப்ப நாங்க ரெண்டு பேர் ஒரே அலைவரிசையில போனா ஊரே குழாய் மாதிரிதான் கேக்கும்."

அடுத்த வாரம் ஒரு பண்ணை ஏலத்தில் அறுபது டாலருக்கு அது கிடைத்தது. ஆரஞ்சு நிறம், தேநீர்த் தட்டு அளவு வட்டு, துடைப்பத்தைவிடக் கனம் குறைவு, பெயர் ஃபின்ச். அலைவரிசையை மாற்ற அதில் குமிழே கிடையாது. இருக்கிற ஒன்றும் இம்பரேட்டரின் எந்த எண்ணோடும் ஒட்டாதது. கொல்லையில் பதினெட்டுக் காசுகளை ஒன்பது நிமிடத்தில் எடுத்தாள். குளிர்காலம் முழுதும் பனி விலகிய இடங்களில் பயிற்சி செய்தாள். மார்ச் மாதம் நான் அந்தப் பக்கம் போனபோது, கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு, "இது ஆணி, இது வளையம், இது காசு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

"உளவு பாக்க வந்தியா ஹார்லன்?"

"சும்மா வந்தேன்."

"பேனா கொண்டாந்திருக்கியா?"

சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கூட்டத்தில் பர்டெட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி வேட்டையில் இம்பரேட்டர் மட்டுமே அனுமதி. எல்லாக் கருவிகளும் ஏழாம் எண்ணில் மட்டுமே இருக்க வேண்டும்.

"இதுல எனக்கு என்ன லாபம்னு சிலர் கேக்கலாம்" என்றார் அவர். யாரும் கேட்கவில்லை. "ஒண்ணுமில்ல. ஒரு கருவிக்கு இருநூத்திப் பத்து டாலர். அதைத் தவிர வேற ஒண்ணுமில்ல. நான் விக்கறது கருவி இல்ல, சமத்துவம். எல்லார் கையிலயும் ஒரே கருவி, எல்லாக் கருவியிலயும் ஒரே எண். அப்புறம் திறமைதான் பேசும்."

எல்லாக் கண்களும் மார்வீன் பக்கம் திரும்பின. அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் எழுந்து கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் இதை வழிமொழியறேன்."

பர்டெட்டின் புருவம் மேலே போனது.

"சின்னதா ஒரு திருத்தம் மட்டும். குமிழ் ஏழுல இருக்குன்னு யார் பாக்கறது? யாராவது நைசா வேற எண்ணுக்குத் திருப்பிட்டா? அப்படி நம்ம சங்கத்துல யாரும் இல்லதான். இருந்தாலும் மிஸ்டர் ஆஸ்லர் எல்லாக் குமிழ்மேலயும் நம்பர் போட்ட முத்திரை ஒட்டட்டும். முத்திரை கிழிஞ்சா ஆயுள் தடை. முதல் முத்திரை நம்ம தலைவரோட கருவிக்கு. இப்பவே, எல்லார் முன்னாலயும்."

முத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் ஆஸ்லரின் முகத்தில் வந்த ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் எதற்கும் முத்திரை வைத்ததில்லை. இரண்டு கைகளையும் தூக்கி ஆதரித்தார். பர்டெட் ஏன் வெளுத்துப்போனார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. எல்லாரையும் ஏழில் கட்டிப்போட்டுவிட்டுத் தான் மட்டும் மூன்றில் உலவ நினைத்திருந்தார் என்பதைப் பிற்பாடு ட்வைலா சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். குறிப்பில் 'தலைவர் இருமினார்' என்று எழுதினேன். திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

அது முடிந்ததும் மார்வீன் ஃபின்ச்சை மேசைமேல் வைத்தாள். குரலைக் கொஞ்சம் தழைத்துக்கொண்டாள்.

"என்னால இம்பரேட்டர் வாங்க முடியாதுங்க. தூக்கவும் முடியல. இதை வச்சுக்கிட்டு ஓரமா நடந்தா போதும். புருஷன் போனவ."

ஆஸ்லர் ஃபின்ச்சை இரண்டு விரலால் தூக்கினார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

"அம்மணி, இது டிடெக்டர் இல்ல. விளையாட்டுச் சாமான். இதால சர்ச் மணியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப இதைக் கொண்டுவந்தா யாருக்கும் பாதிப்பில்லையே? அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு வாசல்ல யாராவது தடுத்தா காட்டணும்ல."

பர்டெட்டுக்கு அப்போது கவலையெல்லாம் தன் கருவிமேல் உலர்ந்துகொண்டிருந்த முத்திரை ஒன்றாம் எண்ணைப் பற்றித்தான். "குடுத்துடுங்க டுவைட். விதவை" என்றார்.

ஆஸ்லர் அங்கேயே எழுதினார்: 'இந்தப் பொருள் எதையும் கண்டுபிடிக்கும் ஆற்றல் இல்லாதது என்று கருவிக் குழு சோதித்து உறுதி செய்கிறது. இதை வைத்திருப்பவருக்கு இதனால் எந்தச் சாதகமும் இல்லை. இதைக் கொண்டு கண்டெடுக்கும் பொருள் எதுவாயினும் அவருக்கே சொந்தம்.' கடைசி வரியை எழுதும்போது அவரே சிரித்துவிட்டார். முன்வரிசையும் சிரித்தது. நான் முழுவதையும் குறிப்பில் படியெடுத்துக்கொண்டேன்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் திடல் நிறைந்துவிட்டது. நீண்ட மேசையில் காபிப் பானை, துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லி, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை பலகாரம். நாற்பத்தேழு உறுப்பினர்கள் நாற்பத்தேழு புத்தம்புதிய இம்பரேட்டர்களோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். எண் போட்ட முத்திரைகள் வெயிலில் மின்னின. பாதிரியார் ஜெபம் சொன்னார். பர்டெட் சமத்துவத்தைப் பற்றி எட்டு நிமிடம் பேசினார். ஆஸ்லர் விசில் ஊதினார்.

முதலில் நாற்பத்தேழு வரவேற்பு இசைகள். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. பிறகு நாற்பத்தேழு வாழ்த்துகள். பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது? நாற்பத்தேழு குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பல் முளைத்தால் அப்படி இருக்கலாம். பக்கத்துத் தொழுவத்தில் பரிசுக்காகக் கட்டியிருந்த பசுக்கள் எல்லாம் எழுந்து நின்றன. ஒருவர் கருவியை ஆகாயத்தை நோக்கிப் பிடித்தார், அங்கும் காசு இருப்பதாகச் சொன்னது. ஒருவர் தன் ஷூவைத் தோண்டப் போனார். விலகி நில்லுங்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரைத் துரத்த, துரத்தப்பட்டவர் இன்னொருவர் பக்கத்தில் போய் நிற்க, அங்கே புதிதாக ஒரு வீறிடல். குமிழைத் திருப்பினால் தீரும் என்று பலருக்குத் தெரியும். ஆனால் திடலின் நடுவில் ஆஸ்லர் முத்திரைப் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார்.

சும்மா தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. தெளிவான ஒலி கேட்டது என்று நடுவர் காதால் உறுதி செய்யாமல் மண்ணைத் தொடக் கூடாது. நடுவர் ஆஸ்லர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவரும் போய்ப் போய்க் கருவியின் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "இது ஒலி இல்ல, ஓலம். அனுமதி இல்ல" என்று திரும்பினார்.

இதற்கிடையில் ஆரஞ்சு நிறத் துடைப்பம் ஒன்று அமைதியாகப் புல்லைப் பெருக்கிக்கொண்டு போனது. மார்வீன் அரை மணி நேரத்தில் பதினாறு வெள்ளிக்காசுகள் எடுத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ஆஸ்லர் வந்து கேட்டு, அனுமதி என்று தலையசைத்துவிட்டுப் போனார். நடுவில் ஒரு பீர் டின் வளையம். அதையும் துடைத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அரை டாலர் எங்கே என்று அவளுக்கும் தெரியாது. திடல் பெரியது. வேட்டைக்கு மொத்தமே ஒரு மணி நேரம்தான். அவள் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். நாற்பத்தாறு பேர் இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அலையவில்லை. தெற்கு வேலியில் மூன்றாம் தூணருகே, நாற்காலி அளவு இடத்தைப் பர்டெட் லாம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கருவி வீறிட்டது. அவர் குமிழைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், ஆஸ்லரைப் பார்த்தார், மறுபடி சுற்றினார்.

மார்வீன் நேராக அங்கே போனாள். நானும் குறிப்பேட்டோடு பின்னால் போனேன்.

"ஏன் பர்டெட், இங்கேயே நிக்கிறீங்க?"

"காத்து நல்லா வருது."

"அங்க ரெண்டு ஏக்கர் காலியா கிடக்கே."

"எனக்கு இங்க ஒரு ராசி."

"அப்படியா? நானும் கொஞ்சம் ராசியைப் பாத்துக்கறேன்" என்று ஃபின்ச்சை அவருடைய இரண்டு பூட்ஸுகளுக்கும் நடுவே நீட்டினாள்.

அது ஒருமுறை கத்தியது. சின்ன, சுத்தமான ஒலி. மார்வீனின் உதடு வெளுத்தது.

"மிஸ்டர் ஆஸ்லர்!" என்று கூப்பிட்டாள். பர்டெட் காலை எடுக்கவில்லை.

ஆஸ்லர் வந்து காதில் மாட்டிக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். அந்த மனிதரைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம், ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று அவர் சொல்லமாட்டார். "தெளிவான ஒலி. அனுமதி உண்டு. காலை எடுங்க தலைவரே" என்றார்.

மார்வீன் மண்டியிட்டுக் கத்தியால் புல்லை வெட்டிப் புரட்டினாள். இரண்டு அங்குலம். அரை டாலரின் ஓட்டைக்குள் ஈர மண் அடைத்திருந்தது. அவள் அதை ஊதவில்லை, துடைக்கவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு எழுந்து, பர்டெட்டின் முகத்தைத்தான் பார்த்தாள். அவசரமே படாமல், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், பணம் கொடுத்து வாங்கிய படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"செல்லாது!" என்று கத்தினார் பர்டெட். கூட்டம் சேர்ந்துவிட்டது. கருவிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. "அது இம்பரேட்டர் இல்ல. அதுக்கு அனுமதி கிடையாது!"

"ஹார்லன், ஏப்ரல் மாசக் குறிப்பைப் படி" என்றாள் மார்வீன், முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

படித்தேன். ஒரு சொல் விடாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தேன். 'எந்தச் சாதகமும் இல்லை' என்ற இடத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். 'அவருக்கே சொந்தம்' என்று முடித்தபோது எல்லாரும் ஆஸ்லரைப் பார்த்தார்கள்.

"கையெழுத்து என்னுது" என்றார் ஆஸ்லர்.

"டுவைட்! இதுல சூது இருக்கு. ஒரு விளையாட்டுச் சாமான் எப்படிக் கண்டுபிடிக்கும்? நான் இங்கதான் புதைச்சேன், தூணுக்கு நாலடி, சரியா நாலடி! அளந்து புதைச்ச என்னாலயே முக்கால் மணி நேரமா எடுக்க முடியல, அப்புறம் இவளால எப்படி..."

அங்கே நிறுத்தினார்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே அளந்தீங்க?" என்றாள் மார்வீன்.

"தலைவரே, இதைக் குறிப்புல எழுதட்டுமா?" என்று நான் கேட்டேன். எழுதிக்கொண்டேதான் கேட்டேன்.

மேடையில் பரிசளிப்பு. ஆஸ்லர் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரியும் விடக்கூடாது என்று நின்றார். நிரலின்படி பர்டெட் நீல வெல்வெட் பெட்டியைத் திறந்து வெற்றியாளர்முன் நீட்ட வேண்டும். நீட்டினார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்ததுபோலிருந்தது.

"மரபு தெரியும்ல மார்வீன்? ஜெயிச்சவங்க பெட்டியில வைக்கணும். உங்க ஆரின் உசிரா நினைச்ச மரபு."

"மரபுன்னா மீறக் கூடாது பர்டெட். ஒரு பாரம்பரியப் பொருள் வைக்கணும், அவ்வளவுதானே?"

அரை டாலர் அதற்குள் ட்வைலா கொண்டுவந்த சங்கிலியில் ஏறி அவள் கழுத்துக்குப் போய்விட்டிருந்தது. மார்வீன் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, பீர் டின் வளையத்தை எடுத்து, வெல்வெட்டின் நடுவில் வைத்து, மூடியைத் தானே சாத்தினாள்.

"இது திடல்லயே கிடைச்சது. வருஷம் தெரியல. பத்திரமா வச்சுக்குங்க."

பர்டெட் ஆஸ்லரைப் பார்த்தார். ஆஸ்லர் நிரலைப் பார்த்தார்.

"அடுத்தது தலைவரோட ஏற்புரை" என்றார் ஆஸ்லர். "குறைஞ்சது அஞ்சு நிமிஷம்."

அந்த வளையம் சங்கத்தின் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் இப்போது முதலாம் எண். பட்டியலிலிருந்து ஒரு பொருளை நீக்க இரண்டாவது கூட்டம் தேவை என்பதால் நீக்க வழியில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அதைப் புதைக்கிறோம். விசில் ஊதுகிறது. நாற்பத்தேழு பேர் அதற்காக ஓடுகிறோம். பர்டெட் இரண்டு முறை வென்றிருக்கிறார். வேறு யாருக்கும் அது வேண்டாம், அவருக்கோ தோற்க மனமில்லை. போன வருடம் பெட்டியைத் திறந்து அந்த வளையத்தை உயர்த்திப் பிடித்துப் பதினான்கு நிமிடம் பேசினார்.

மார்வீன் தவறாமல் வருகிறாள். இப்போதெல்லாம் அவள் நாற்காலி முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பர்டெட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். உரை முடிந்ததும் முதல் கைதட்டல் அவளுடையது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டுகிறாள்.